சிவப்பு வட்டம்

போன வாரம் மரக்காணத்தில் ஓர் உப்பு வியாபாரியிடம் கணக்கு எழுதுபவர், இரும்பையில் என் வீட்டைத் தேடி வந்தார். வருமான வரிக் கணக்கைக் கம்ப்யூட்டரில் எப்படித் தாக்கல் செய்வது என்று சென்னையில் இருக்கும் அவர் மகள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, விரலாலேயே சிவப்பு வட்டம் போட்டு செல்போனில் அனுப்பியிருந்தாள். "வட்டம் தெரியுது அய்யா. உள்ள என்ன எழுதியிருக்குன்னுதான் தெரியல" என்றார். கோடு எழுத்தின் மேலேயே ஓடியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பழைய வலியும் வந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் பல வருடம், அலுவலக ஊழியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சிக் குறிப்புகள் தயாரித்தவன் நான்.

கீபோர்டில் 'பிரிண்ட் ஸ்கிரீன்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, டாஸ் காலத்தில் அது பெயருக்கு ஏற்றபடியே வேலை செய்தது. அமுக்கினால் திரையில் இருக்கும் எழுத்தெல்லாம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று வந்து விழும். அந்தத் தாளில் பேனாவால் அம்புக்குறி போடுவோம். வகுப்பில் ஓ.எச்.பி. வந்த பிறகு வேலை இன்னும் அழகானது. திரையின் படம் ஒரு கண்ணாடித் தாளில், அம்புகளும் குறிப்புகளும் இன்னொரு கண்ணாடித் தாளில். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பாடம். மேல் தாளை எடுத்துவிட்டால் அதே படம் பரீட்சைக்கு ஆகும்!

விண்டோஸ் 95 வந்ததும் இந்த வசதி போயிற்று என்று சொன்னால் இளையவர்கள் நம்பமாட்டார்கள். பிரிண்ட் ஸ்கிரீனை அமுக்கி, பெயிண்டில் ஒட்டி, சிவப்பில் வட்டம் போடுவோம். போட்ட வட்டம் படத்தோடு ஐக்கியமாகிவிடும். அன்றைய பெயிண்டில் மூன்று தடவைதான் பின்வாங்க முடியும். நாலாவது தப்புக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அமெரிக்காவில் டெக்ஸ்மித் கம்பெனி 1990-லேயே இதற்கென்று 'ஸ்னாகிட்' என்ற மென்பொருளைக் கொண்டு வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்துக்கு அதெல்லாம் எட்டாக்கனி.

அதனால் வேர்டுக்கு மாறினேன். அதில் அம்புகள் படத்தின் மேல் தனியாக மிதக்கும், நகர்த்தலாம், அழிக்கலாம். பழைய கண்ணாடித் தாள் திரும்பி வந்த மாதிரி சந்தோஷப்பட்டேன். அம்பு தானாகவும் நகரும் என்பது அப்போது தெரியாது. மேலே ஒரு வரி சேர்த்ததில் படம் கீழே இறங்கிவிட்டது, அம்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. சேமிக்கும் பட்டனைக் காட்ட வேண்டிய அம்பு, அழிக்கும் பட்டனைக் காட்டியது. கவனிக்காமல் நாற்பது ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஓய்வு பெற இரண்டு வருடமே இருந்த ஒரு தட்டச்சர் அம்மா, ஆயுள் முழுக்க ரெமிங்டனில் அடித்தவர், தாளில் இருந்தபடியே செய்தார். அரைநாள் பதிவுகள் போயின. "படத்துல அப்படித்தானே சார் போட்டிருந்துச்சு" என்றார். விளக்கம் கேட்டு அவருக்கு மெமோ போனது. தப்பு என் தாளில்தான் என்று நான் எழுதிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு படத்தையும் அம்பையும் 'குரூப்' செய்து ஒன்றாகக் கட்டிவிடுவேன். சிவப்பையும் நம்புவதில்லை. ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாகிச் சாம்பல் நிறத் திரையோடு கலந்துவிடும். வட்டத்துக்குள் எண் போட்டு, விளக்கத்தைப் படத்துக்கு வெளியே எழுதினேன்.

தமிழில் குறிப்பு எழுதியவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று எழுதிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கு நடுவே அரைப்புள்ளி நிற்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கு அந்த விசைதான்! படத்தோடு சேர்த்து வரைந்துவிட்டால் தமிழ் பிழைக்கும், ஆனால் திருத்த முடியாது. தனியாக வைத்தால் திருத்தலாம், ஆனால் வேறு ஊரில் பிழைக்காது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. யூனிகோடு பரவிய பிறகுதான் படத்தின் மேல் எழுதிய தமிழ், ஊர் விட்டு ஊர் போயும் தமிழாகவே இருந்தது.

இந்தச் சிக்கலுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய திட்டம். சுமார் பத்து நிமிட வீடியோ. திரையில் ஓடும் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும், குரல் மட்டும் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் மாறும். எந்த நொடியில் எதைச் சொல்வது என்று நேரம் குறித்து வைத்திருப்பார்கள். படம் ஒரு தாள், குரல் இன்னொரு தாள். எங்கள் ஓ.எச்.பி.யேதான்.

வந்தவருக்கு என் லேப்டாப்பில் புதிதாகப் படம் எடுத்து, எண் போட்டு, கீழே விளக்கம் எழுதி அச்செடுத்துக் கொடுத்தேன். நேற்று போன் செய்தார். "அய்யா, நீங்க போட்ட மூணாம் நம்பர் திரையில காணோம். பக்கத்தையே மாத்திட்டான் போல இருக்கு."

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.