கரையைக் கடந்த பிறகு

புயலைப் பற்றி நாம் அதிகமாகக் கேட்டிருக்கும் வாக்கியம் எது என்று யோசித்தால், 'புயல் கரையைக் கடந்தது' என்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானொலியின் முன்னும் பிறகு தொலைக்காட்சியின் முன்னும் அமர்ந்து நம் வீடுகள் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். வானிலை ஆய்வு மையத்தின் ரமணன் திரையில் தோன்றினால் பள்ளி விடுமுறை கிடைக்குமா என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். கூரை தங்குமா என்று பெரியவர்கள் காத்திருந்தார்கள். 'கரையைக் கடந்தது' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெருமூச்சு. மறுநாள் விழுந்த மரங்களின் கணக்கு. அத்தோடு கதை முடிந்தது.

கடற்கரையில் இருப்பவருக்கு அது கதையின் முடிவாக இருக்கலாம். கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் உள்ளே, மலையைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழகாத ஓர் ஊரில் இருப்பவருக்கு அந்த வாக்கியத்தின் பொருள் என்ன? 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலையில் நடந்தது இந்தக் கேள்வியை நம் முன் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

*

காத்திருத்தலுக்கென்று கடற்கரையில் ஒரு நீண்ட மரபு உண்டு. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் திசைக்கொரு பெயர் வைத்திருப்பவர்கள் நம் கடலோர மக்கள். கடலின் நிறத்தையும் நீரோட்டத்தையும் பறவைகளையும் பார்த்து முடிவெடுத்த அந்த அறிவுக்கு மேல், 19ஆம் நூற்றாண்டில் அரசின் எச்சரிக்கை முறை வந்து அமர்ந்தது. 'சைக்ளோன்' என்ற சொல்லே நம் வங்காள விரிகுடாவின் கரையில் பிறந்ததுதான். கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன், கப்பல் மாலுமிகளுக்காக 1848இல் வெளியிட்ட நூலில், சுருண்ட பாம்பை நினைவூட்டும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். 1864இல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலுக்குப் பின் துறைமுக எச்சரிக்கைகள் முறைப்படத் தொடங்கின. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது.

அந்த முறையின் எச்சமாக நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் புதுச்சேரியிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஏறுகின்றன. ஒன்றாம் எண் என்றால் தொலைவில் ஏதோ உருவாகிறது என்று பொருள். எட்டிலிருந்து பத்து வரை பெரும் அபாயம். இவற்றுக்கும் மேலே பதினோராம் எண் ஒன்று இருக்கிறது. வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமென்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். புயலின் வேகத்தைவிடச் செய்தியின்மைக்கு உயர்ந்த எண்ணைக் கொடுத்தவர்கள் ஏதோ ஒன்றை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் நேர்ந்தது அந்தப் பதினோராம் எண்ணின் நிலைதான். பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் இல்லை. சற்று நேரம் காத்திருந்த ஓட்டுநர் பிறகு ரயிலை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. நூறு பேருக்கு மேற்பட்ட பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. ஊரே பிறகு வாழத் தகுதியற்றதென அறிவிக்கப்பட்டது. 1900 செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவின் கால்வெஸ்டன் தீவில் கதை வேறு. அன்று காலை மக்கள் கடற்கரைக்குப் போய் உயர்ந்தெழும் அலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கியூபாவிலிருந்த வானிலை ஆய்வாளர்களின் கணிப்பை வாஷிங்டன் அலட்சியம் செய்திருந்தது. ஆறாயிரத்துக்குக் குறையாமல் மாண்டார்கள். அங்கே செய்தி இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

இந்த மரணங்களிலிருந்து கடற்கரைகள் கற்றுக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தோர் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர். 2013இல் அதே கரைக்கு ஃபைலின் வந்தபோது பல லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். இறப்பு சில பத்துகளில் நின்றது. எங்கே காத்திருப்பது, எப்போது ஓடுவது, எந்தக் கட்டடத்தில் ஒதுங்குவது என்பதெல்லாம் கடலோரக் கிராமங்களில் இன்று ஓரளவு பழகிய விஷயம். இந்தக் கல்வி கடலோரத்தோடு நின்றுவிட்டது என்பதுதான் நாம் கவனிக்கத் தவறியது.

*

2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் (பெயர் சவுதி அரேபியா கொடுத்தது) தொடக்கத்திலிருந்தே காத்திருப்பவர்களைச் சோதித்த புயல். கரையை நெருங்குமுன்பே வலுவிழந்துவிடும், புயலாகாது என்று ஒரு கட்டத்தில் கணிக்கப்பட்டது. பிறகு நவம்பர் 29 பிற்பகலில் அது புயலாயிற்று. 30ஆம் தேதி சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. தொலைக்காட்சிகள் மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் நின்று பொங்கும் கடலைக் காட்டின. அன்று மாலை தொடங்கி இரவு பதினோரு மணியளவில் புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்து முடித்தது. நாம் காத்திருந்த வாக்கியம் வந்துவிட்டது.

புயல் மட்டும் போகவில்லை. அதை இழுத்துச் செல்லவேண்டிய மேலடுக்குக் காற்று வலுவற்றிருந்ததால் பல மணி நேரம் புதுச்சேரிக்கு அருகிலேயே ஏறக்குறைய அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அதன் பிறகு மெல்ல மேற்கே நகர்ந்து, விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று உள்நாட்டு மாவட்டங்களின் மீது ஊர்ந்தது. கடலையே பார்த்திராத ஊத்தங்கரையில் டிசம்பர் 2ஆம் தேதி காலையில் பதிவான ஒரு நாள் மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். காற்று தணிந்து, பெயரும் 'புயல்' என்பதிலிருந்து 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்று இறங்கியபின் பெய்த மழை இது. சொல் சிறுத்துவிட்டதால் ஆபத்தும் சிறுத்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. மாலையில் அண்ணாமலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வீடுகளின் மீது விழுந்தன. ஒரு வீட்டுக்குள் ஏழு பேர் இருந்தார்கள். ஒரு கணவனும் மனைவியும். மற்ற ஐந்து பேரும் குழந்தைகள், அவர்களில் சிலர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். மழை விடாத அந்தக் குறுகலான தெருவுக்குள் பெரிய இயந்திரங்களைக் கொண்டுபோக முடியவில்லை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கையால் தோண்ட வேண்டியிருந்தது. மேலே இன்னொரு பாறை எந்நேரமும் உருளலாம் என்ற நிலை. இப்போது காத்திருந்தது திருவண்ணாமலை. 2ஆம் தேதியும் 3ஆம் தேதியுமாக ஏழு உடல்களும் எடுக்கப்பட்டன.

அண்ணாமலை மிகத் தொன்மையான பாறை. அது நெருப்பாய் நின்று குளிர்ந்த மலை என்பது புராணம். 2,668 அடி உயரமுள்ள அந்த மலை இடம்பெயரும் என்று அவ்வூரில் யாரும் நினைத்ததில்லை. மலையே இறைவன் என்பதால் அதன் அடியில் இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணமும் இயல்பானதுதான். ஆனால் ஒரு மலை ஒரே கல்லாக இருப்பதில்லை. வெயிலும் மழையும் அரித்து உதிர்த்த மண்ணின் மீது, தனித்தனியாகப் பிரிந்த உருண்டைப் பாறைகள் அமர்ந்திருக்கின்றன. மண் உலர்ந்திருக்கும்வரை அவை யுகக்கணக்கில் அப்படியே இருக்கும். ஒரே நாளில் பெருமழை ஊறும்போது மண்ணின் பிடிப்புத் தளர்கிறது. நீரின் எடையும் சேர்கிறது. பிறகு ஒரு கணம் போதும். சரிவை நோக்கி ஊர் ஏறிக்கொண்டேபோன கடந்த சில பத்தாண்டுகளில், அந்தக் கணம் வீடுகளின் மீது வந்து இறங்கும்படி நாமே தூரத்தைக் குறைத்து வைத்திருந்தோம். வேறு எங்கும் மனை வாங்க வசதியில்லாதவர்களே அப்படி ஏறிப்போய்க் குடியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எச்சரிக்கை இல்லாமலா போயிற்று? கனமழை எச்சரிக்கை உள்மாவட்டங்களுக்கும் விடுக்கப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் மாவட்டத்துக்கு விடப்படும் எச்சரிக்கை எந்தத் தெருவில் யார் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று சொல்வதில்லை. மீனவக் குப்பத்துக்காரருக்கு எட்டாம் எண் கூண்டு என்றால் உடம்புக்கே பொருள் தெரியும். 'மிகக் கனமழை' என்ற சொல்லை மலையடிவாரத்தில் குடியிருப்பவர் குடையும் விடுமுறையும் சார்ந்த செய்தியாகவே கேட்க முடியும். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு அந்தச் சொல்லை யாரும் மொழிபெயர்த்துத் தரவில்லை.

*

கதை இங்கும் முடியவில்லை. கிருஷ்ணகிரியிலும் திருவண்ணாமலையிலும் பெய்த மழை தென்பெண்ணையில் இறங்கி, திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள சாத்தனூர் அணைக்கு வந்து சேர்ந்தது. 1958இல் திறக்கப்பட்ட, 119 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அணை. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை, ஊர்கள் உறங்கிக்கொண்டிருக்கையில், வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. முன்னறிவிப்பு கொடுத்தோம் என்றது அரசு; போதிய அவகாசம் தரவில்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வெள்ளம் ஆற்றோரத்து ஊர்களை மூழ்கடித்துக்கொண்டு, விழுப்புரம் மாவட்டத்தைக் கடந்து, கடலூர்க் கரைக்கே திரும்பியது.

கடலூரின் கரையோர மக்களை எண்ணிப் பாருங்கள். முந்தைய நாள்வரை கிழக்கே கடலைப் பார்த்துக் காத்திருந்தவர்கள் அவர்கள். புயல் கடந்துவிட்டது என்று முகத்தைத் திருப்பியபோது, அதே புயல் ஆறாக மாறி மேற்கிலிருந்து, முதுகுப்பக்கமாக வந்தது. கரை என்பது ஒரு கோடு என்று வரைபடம் சொல்கிறது. நீருக்கு அப்படி ஒரு கோடு கிடையாது.

*

இந்த இடத்தில் பழைய நூல் ஒன்று நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை, பிறந்ததே இந்த நிலத்தைப் பற்றித்தான். செங்கண்மா என்ற அன்றைய ஊரே இன்றைய செங்கம். அவ்வூர்த் தலைவன் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு, வழி தெரிந்த ஒருவன் சொல்லும் குறிப்புகளாக விரிவது அந்தப் பாட்டு. நாம் அதை இயற்கை வருணனைக்காகவும் நன்னனின் கொடைக்காகவும் படித்துப் பழகியிருக்கிறோம். அதில் பெரும்பகுதி எச்சரிக்கை என்பதை நான் இந்தப் பேரிடருக்குப் பின் மறுமுறை படித்தபோதுதான் கவனித்தேன்.

தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், விடிந்தபின் போங்கள். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும், பார்த்து அடி வையுங்கள். யானையை விரட்டக் குறவர்கள் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின் ஒதுங்கிக் கடந்துபோங்கள். வழுக்கும் இடத்தில் கொடிகளைப் பற்றிக்கொள்ளுங்கள். ஆபத்து எது, எந்த இடத்தில், எந்த வேளையில், கை எதைப் பிடிக்க வேண்டும் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. 'இம்மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் ஆபத்து ஏற்பட வாய்ப்புள்ளது' என்று அந்தப் புலவர் பாடவில்லை. அந்தச் சரிவில் நடந்து பார்த்தவன், இனி நடக்கப்போகிறவனிடம் பேசும் பேச்சு அது. நன்னனின் நாட்டில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாத்தியமாக இருந்த ஒரு பேச்சு, செயற்கைக்கோள்கள் மேலே சுற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் வ.உ.சி. நகருக்குக் கிடைக்கவில்லை.

இதை வானிலை அறிவியலுக்கு எதிரான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வானில் நிகழ்வதை அவர்களைவிட நன்றாகச் சொல்ல வேறு யாராலும் முடியாது. தரையில் இறங்கியபின் அது என்னவாக மாறும் என்பதைத் தெருத்தெருவாகச் சொல்லும் ஆட்களைத்தான் கடற்கரை தவிர்த்த ஊர்கள் உருவாக்கிக்கொள்ளவில்லை. எந்தப் பாறை மண்மேல் அமர்ந்திருக்கிறது, எந்த ஓடை வீடுகளால் அடைபட்டிருக்கிறது, எத்தனை சென்டிமீட்டர் மழைக்குப் பின் எந்தத் தெரு காலியாக வேண்டும் என்ற குறிப்புகளே நம் காலத்து ஆற்றுப்படை.

*

திருவண்ணாமலைக்குக் காத்திருக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணியை நோக்கி லட்சக்கணக்கான முகங்கள் மலையுச்சியைப் பார்த்துத் திரும்பியிருக்கும். காத்திருத்தலையே வழிபாடாக்கிய ஊர் அது.

2024இல் தீபம் டிசம்பர் 13ஆம் தேதி வந்தது. மண் சரிந்து பன்னிரண்டு நாள்கள்தான் ஆகியிருந்தன. புவியியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்தபின், அவ்வாண்டு பக்தர்கள் மலையேற அனுமதியில்லை என்று அறிவிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமந்து செல்வோரும் பணியாளர்களும் மட்டும் மேலே போனார்கள். மாலையில் வழக்கம்போலத் தீபம் எரிந்தது. கீழே நின்றவர்கள் கைகூப்பினார்கள்.

அந்த ஆண்டு முதன்முறையாக, சரிவின் ஒரு பாறையை நம்பலாமா என்று ஊர் கேட்டுப் பதில் வாங்கி, அந்தப் பதிலுக்குக் கட்டுப்பட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். பக்திக்கு அதனால் குறைவு வந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கேள்வி நவம்பர் 30ஆம் தேதி இரவு, 'புயல் கரையைக் கடந்தது' என்ற வாக்கியம் வந்த வேளையில் கேட்கப்பட்டிருந்தால், அன்று தீபம் பார்க்க அந்தத் தெருவில் இன்னும் ஐந்து குழந்தைகள் நின்றிருப்பார்கள்.