எசெண்டன் ஊக்கமருந்து விவகாரம்

எசெண்டன் ஊக்கமருந்து விவகாரம் என்பது, மெல்பேர்ண் நகரின் எசெண்டன் ஆஸ்திரேலியக் காற்பந்துக் கழகம் 2012 பருவத்தில் தன் வீரர்களுக்குச் செலுத்திய ஊசிகள் தொடர்பானது. ஊசி போட்டுக்கொள்ளச் சம்மதித்துக் கழகம் தந்த படிவங்களில் வீரர்கள் கையெழுத்திட்டிருந்தனர்.

2013 பிப்ரவரியில் கழகமே விசாரணை கோரியது. ஆகஸ்டில் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக் கழகத்துக்கு 20 இலட்சம் டாலர் அபராதம் விதித்து, அவ்வாண்டின் இறுதிச் சுற்றிலிருந்தும் விலக்கியது. பயிற்றுநர் ஜேம்ஸ் ஹெர்ட் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார்.

2015 மார்ச்சில் லீக்கின் தீர்ப்பாயம் 34 வீரர்களை விடுவித்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல்முறையீடு செய்தது. தைமோசின் பீட்டா-4 என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் வீரர்களுக்குச் செலுத்தப்பட்டதாக, விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் 2016 ஜனவரி 12 அன்று தீர்ப்பளித்தது. 2012இல் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்டபோது, தைமோசின் ஊசி பற்றி எவ்வீரரும் படிவத்தில் குறிப்பிடாதது அவர்களுக்கு எதிராக அமைந்தது. ஈராண்டுத் தடையால், அப்போதும் விளையாடிவந்தவர்கள் 2016 பருவத்தை இழந்தனர். எசெண்டன் கடைசி இடம் பெற்றது. அணித்தலைவர் ஜோப் வாட்சன் 2012இல் வென்ற பிரவுன்லோ பதக்கத்தைத் திருப்பி அளித்தார்.

தன் உடலில் சேரும் பொருளுக்கு வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பு விதி. பயிற்சியிலும் மருத்துவத்திலும் கழகத்தின் சொல்லை நம்பி நடப்பதோ வீரர்களின் வழக்கம். கழகம் சொன்னதை நம்பினோம் என்பது அவ்விதியின் முன் அவர்களைக் காக்கவில்லை.