புதிய ரயர் உரசுகிறதா? வெட்டுவதற்கு முன் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் பலர் இருந்த கெப்பையும் ஜீப்பையுமே திருத்தி ஓடினார்கள். வயல் பாதைச் சேற்றுக்காகப் பெரிய ரயரும் பூட்டினார்கள். செய்தி சேகரிக்க இந்தப் பாதைகளில் போகும் நான், திருப்பங்களில் எழும் உரசல் சத்தத்தைப் பல வாகனங்களில் கேட்டிருக்கிறேன்.

அதைச் சத்தம்தானே என்று விட முடியாது. ரயரின் பக்கச்சுவர் தேய்ந்தால் ஆளில்லாத இடத்தில் வெடிக்கலாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பாதையில் வாகனத்தை ஓரங்கட்டவும் முடியாது.

265/65 ஆர் 17 ரயருக்குப் பதிலாக 265/70 ஆர் 17 பூட்டினால் விட்டம் சுமார் 776 மில்லிமீற்றரிலிருந்து 803 ஆகிறது. அதாவது சுற்றிவர 13 மில்லிமீற்றர் இடைவெளி குறைகிறது. வேகமானி 60 காட்டும்போது உண்மை வேகம் 62 அளவில் இருக்கும்.

முதலில் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ரயரின் ஓரங்களில் வெண்கட்டி பூசி, வழக்கமான பாரத்தை ஏற்றி, ஸ்ரியறிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி முன்னும் பின்னும் மெதுவாக ஓடுங்கள். பிறகு ஒரு சில்லை மட்டும் மேட்டில் ஏற்றி இறக்குங்கள். வெண்கட்டி அழிந்த இடமும், எதிரே வெள்ளை பட்ட இடமும் விடையைச் சொல்லும்.

முழுத் திருப்பத்தில் மட்காட்டின் பிளாஸ்ரிக் உறையிலோ சேற்றுத் தடுப்பிலோ முட்டினால் செலவு குறைவு. உறையைச் சூடாக்கிப் பின்தள்ளலாம், தடுப்பை அளவாக வெட்டலாம்.

உட்பக்கம் செசியில் முட்டினால், திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் போல்ற் உள்ள வாகனங்களில் அதைச் சிறிது வெளியே எடுக்கலாம். வாகனம் திரும்ப கூடுதல் இடம் தேவைப்படும். ஸ்பேசர் போட்டால் உட்பக்க உரசல் தீரும். ஆனால் சில்லு வெளியே தள்ளப்படுவதால் மட்காட்டில் முட்டத் தொடங்கலாம்.

பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது மட்டும் உரசினால் தளர்ந்த ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். வாகனத்தை உயர்த்தும் வேலை இங்குதான் பயன்தரும். திருப்பத்தில் வரும் உரசலுக்கு அது பெரிதாக உதவாது.

பிரேக் குழாயில் ரயர் பட்டிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை வாகனத்தை எடுக்க வேண்டாம். பொடியைத் தாங்கும் இரும்பை வெட்டிவிட்டு அப்படியே ஓடவும் வேண்டாம். வெட்டினால் ஒட்டிப் பலப்படுத்த வேண்டும். முடியாதென்றால் பழைய அளவுக்குத் திரும்புவதே நல்லது.

இன்னும் ரயர் வாங்காதவர்கள், நான்குக்கும் காசு கொடுக்குமுன் முன்சில்லில் ஒன்றைப் பூட்டி முழுதாகத் திருப்பிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.