முத்துக்குளித்துறைக் கணக்கப்பிள்ளைகளும் ஈஜிபுராத் தொண்டர்களும்

கோயில் வேலைக்கு ஆள் வருவதில்லை என்ற புலம்பல் நம் காலத்துப் புலம்பல் மட்டுமன்று. தமிழ்க் கிறித்தவத்துக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு வயதாகிறது. இந்தப் புலம்பலுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

பெங்களூரில் கோரமங்கலாவையும் விவேக் நகரையும் ஒட்டிக் கிடக்கும் ஈஜிபுராவை எடுத்துக்கொள்வோம். பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ என்று காலூன்றிய பகுதிகளில் இதுவும் ஒன்று. பக்கத்திலேயே விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலம். வியாழக்கிழமைகளில் அங்கே திரளும் கூட்டத்தை அறியாதவர் இந்த ஊரில் குறைவு. வரிசையை ஒழுங்குபடுத்த, பெருக்க, நோயாளி வீட்டுக்குப் போய்ப் பார்க்க ஆள் வேண்டும். கேட்டால் வரும் பதிலும் நமக்குத் தெரிந்ததே: "ஞாயித்துக்கிழமை ஒரு நாளுதான் வீட்ல இருக்கேன் ஃபாதர், அதையும் கேக்கிறீங்களே!" இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. ஆகவே, முன்னோர் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது பயன்தரும்.

புனித பிரான்சிஸ் சேவியர் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, பரதவர் ஊர்களில் பல்லாயிரம் பேர் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். பெற்றார்களே தவிர, செபம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஒரு மனிதர் எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்? நோயாளிகளுக்காகச் செபிக்க வரும்படி எல்லாப் பக்கமும் அழைப்பு வந்தபோது, செபம் கற்றுக்கொண்ட சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவருடைய கடிதங்களே இதைச் சொல்கின்றன. என் கணக்கில், இக்கரையின் முதல் திருச்சபைத் தொண்டர்கள் இந்தப் பொடியன்கள்தான்.

பெரியவர்கள் விஷயத்தில் அவர் வேறு வழி கண்டார். ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். செபம் கற்பிப்பது, ஆபத்தான நிலையிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, திருமணச் செய்திகளைத் தெரிவிப்பது ஆகியன அவர்கள் பொறுப்பு. ஊதியமும் உண்டு. பணத்துக்கு எங்கே போனார் என்பதுதான் சுவையான சங்கதி. போர்ச்சுக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இக்கரையில் வசூலான 4000 பணத்தை இதற்குக் கேட்டு வாங்கினார்! 1548இல் மணப்பாட்டிலிருந்து தம் தோழர்களுக்குத் தந்த அறிவுரையிலோ, கற்பிப்போர் வேலையை நேரில் போய்ப் பாருங்கள் என்கிறார். கூடவே, மக்களின் அன்பைப் பெற முழுமூச்சாய் முயலுங்கள் என்றும் வற்புறுத்துகிறார். மேற்பார்வையும் அன்பும் ஒரே தாளில் வந்திருப்பது கவனிக்கத்தக்கது. இன்று பல இடங்களில் முதலாவது மட்டும் நடக்கிறது.

ஊதியம் கொடுத்ததைக் குறை சொல்வதற்கில்லை. ஏழை மனிதன் சாப்பிட வேண்டாமா? ஆனால் பணமும் ஏடும் ஒரே கையில் சேர்ந்தால் தொண்டு உத்தியோகமாகிவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

திருநெல்வேலிச் சீமையில் காற்று வேறு பக்கம் வீசியது. ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் எழுந்தது. கிறித்தவர்களாகி இருப்பிடம் இழந்தவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க நம்மவர்களே பணம் போட்ட சங்கம் அது. பிறகு 1903இல் வே. ச. அசரியா முதலியோர் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியரின் ஆள், இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம் என்ற கொள்கையோடு தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பியது. அசரியாவே 1912இல் தோர்ணக்கல் பேராயரானார்.

இத்தகைய வேலைகளுக்கு வேராக இருந்தவற்றில் பிடியரிசியைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோவது. அவ்வளவுதான். காசில்லாத பெண்ணும் கொடுப்பவளாக நிற்க முடிந்தது. தினம் செய்வதால் மறக்காது, சிறிதென்பதால் வலிக்காது. ஆள் சேர்க்க நினைக்கும் எவரும் இந்தப் பானையை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

கத்தோலிக்கப் பங்குகளில் நமக்குப் பழக்கமான இரு சபைகள் மேனாட்டில் பிறந்தவை. வின்சென்ட் தே பவுல் சபையை 1833இல் பாரிசில் பிரெடரிக் ஒசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் தொடங்கினர். மரியாயின் சேனையை 1921இல் டப்ளினில் பிராங்க் டஃப் தொடங்கினார். இரண்டிலும் வாராவாரம் கூட்டம். வீடு சந்திக்க இருவர் இருவராகப் போக வேண்டும். சேனையில், போனவர் அடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது போலீஸ் விசாரணை அல்ல. தான் செய்ததைக் கேட்க நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்ற உணர்வே மனிதனை மறுவாரமும் வரவழைக்கிறது. வின்சென்ட் சபையின் இரகசியப் பை இன்னும் நுட்பமானது. கூட்டத்தில் சுற்றி வரும் பைக்குள் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் போடாமல் வெறுங்கையை விட்டு எடுத்தவரும் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

ஈஜிபுரா போன்ற இடத்துக்கு இதுதான் முக்கியம். 2013 ஜனவரியில் இங்கே நலிந்த பிரிவினர் குடியிருப்பில் வீடுகள் இடிக்கப்பட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. நேற்று உதவி செய்தவன் இன்று உதவி கேட்டு நிற்கும் நிலை எவருக்கும் வரலாம். அப்படியிருக்க, தொண்டர்களைக் கொடுப்பவர், வாங்குபவர் என்று பிரித்துப் பட்டியல் போட்டால், தெருவுக்கு வந்தவன் மறுபடியும் கூட்டத்துக்கு வரக் கூசுவான். கட்டட வேலைக்காரரிடம் ஞாயிறு முழுவதையும் கேட்பதைவிட, மாதம் ஒரு வியாழன் மாலை ஒரு மணி நேரம் கேட்கலாம். கூடப் போக ஒரு துணையைக் கொடுக்கலாம். ஒரு வாரம் வராவிட்டால் பட்டியலில் பெயரை அடிக்குமுன், வீட்டில் என்ன கஷ்டமோ என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.