கடலூர்ச் செம்மண்ணில் முந்திரியும் பலாவும்

கடலூர் நகரை ஒட்டிய கேப்பர் மலையில் தொடங்கி பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் வரை செம்மண் மேடு பரந்து கிடக்கிறது. நிலவியலார் இதன் அடியிலுள்ள பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயரிட்டுள்ளனர். பெய்யும் மழை இம்மண்ணில் தேங்காமல் கீழே இறங்கிவிடும். நெல்லுக்கு ஒவ்வாத இந்த மேட்டுப் புன்செயை வாழவைத்தவை இரண்டு மரங்கள்.

அவற்றுள் பலா இந்நாட்டுக்கே உரியது. சங்க இலக்கியம் அதைக் குறிஞ்சி நில மரமாகக் காட்டுகிறது. வேரில் நீர் தேங்கினால் பலா பட்டுப்போகும் என்பதால், நீர் வடியும் செம்மேடு மலைச்சரிவைப் போலவே அதற்குப் பொருந்தியது.

முந்திரி கடல் கடந்து வந்தது. அதன் தாயகம் வடகிழக்குப் பிரேசில். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலத்திலும் வளர்ந்ததால் அது கிழக்குக் கரைக்கும் பரவியது. புதிய மரத்துக்குத் தமிழ் பழைய பெயரையே சூட்டியது. முந்திரிகை என்பது முன்பே திராட்சையைக் குறித்த சொல். அதனால்தான் திராட்சைக்குக் கொடிமுந்திரி என்ற பெயரும், இலங்கைத் தமிழில் இம்மரத்துக்கு மரமுந்திரிகை என்ற பெயரும் வழங்குகின்றன. குமரி மாவட்டத்தில் இது கொல்லாமரம்.

முந்திரியின் உண்மையான காய் கொட்டைதான். பூ உதிர்ந்ததும் கொட்டை முதலில் பருக்கும். அதன்பின் காம்பு ஊதிச் சதைப்பற்றாகி, மஞ்சளாகவோ சிவப்பாகவோ பழுக்கும். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குவதைப் பார்த்தே முந்திக்கொண்டு பேசுகிறவரை ‘முந்திரிக்கொட்டை’ என்கிறார்கள். பழம் சாறு மிகுந்தது, ஆனால் தொண்டையைக் கரகரக்க வைக்கும். ஓரிரு நாளில் அழுகியும்விடும். ஆகவே வணிகம் முழுவதும் பருப்பைச் சுற்றியே வளர்ந்தது.

கடற்கரையின் பருவம்தான் இம்மரத்தின் நாள்காட்டி. வடகிழக்குப் பருவமழை மார்கழியில் ஓய்ந்ததும் தை, மாசியில் பூ எடுக்கும். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்குவார்கள். பூக்கும் காலத்தில் மேகமூட்டமும் மழையும் நீடித்தால் பூங்கொத்து கருகி விளைச்சல் குறையும்.

பண்ருட்டிப் பக்கத்து ஊர்களில் கொட்டையை வெயிலில் காயவைத்துக் கையால் உடைக்கும் வேலை குடிசைத் தொழிலாக வேரூன்றியது. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். உடைப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களின் விரல்கள் கருத்திருக்கும். உள்ளூர் விளைச்சல் போதாதபோது ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை இறக்குமதியாகி இங்கே உடைபடுகிறது.

பழைய தோப்புகள் எல்லாம் விதையிட்டு வளர்ந்தவை. அயல் மகரந்தச் சேர்க்கையால் ஒரு தாய்மரத்தின் கன்றுகள்கூட ஒன்றுபோல் காய்ப்பதில்லை. இதற்குத் தீர்வாக விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் நன்கு காய்க்கும் மரங்களைத் தேர்ந்தெடுத்து வி.ஆர்.ஐ. வரிசை ரகங்களை வெளியிட்டது. இளந்தண்டு ஒட்டு முறை அந்த ரகங்களைத் தோட்டங்களுக்குக் கொண்டுசேர்த்தது. பலாவில் பாலூர் நிலையம் பாலூர் 1 ரகத்தைத் தந்தது.

வாழ்வளித்த கடலே இம்மரங்களுக்கு எமனாகவும் வந்தது. 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தது. பூ எடுக்கும் பருவம் நெருங்கிய நேரத்தில், பல பத்தாண்டு வயதுடைய முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்கள் விறகாயின, தோப்புகள் வெட்டவெளியாயின.

மறுநடவில் ஒட்டுக் கன்றுகள் முதலிடம் பெற்றன. மரம் நிழல் கட்டும்வரை இடைவெளியில் நிலக்கடலையும் உளுந்தும் விதைக்கலாம். ஒட்டு முந்திரி மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். விதையிட்ட பலாவுக்கு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.