பெற்றோர் கழகமும் தன்னாட்சியும்
கணியம்பாடி வட்டாரத்தை முன்னிட்டு ஓர் ஆய்வு

பள்ளி என்பது ஆசிரியரும் மாணாக்கரும் மட்டுமே கூடும் இடமன்று. பெற்றோரும் அதன் ஓர் உறுப்பாவர். அப்பெற்றோர் அமைக்கும் கழகம் நாடளாவிய பேரமைப்பு ஒன்றன் கிளையாய் நிற்றல் நன்றோ, தன் பள்ளியளவில் தனித்து நிற்றல் நன்றோ என்பது கல்வி வரலாற்றில் பலமுறை எழுந்த வினாவாகும். வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி ஒன்றியத்தையும், அதனைச் சூழ்ந்த தோல்தொழில் வட்டாரத்தையும் மனங்கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டில் இவ்வினா மிகவும் கூர்மையுற்றது. அங்கு 1897ஆம் ஆண்டில் ஆலிசு பர்னி, ஃபீபி ஹெர்சுட்டு என்னும் பெண்மணியர் இருவர் வாசிங்டன் நகரில் தாய்மார் தேசியப் பேரவையை நிறுவினர். 1908இல் அதன் பெயரில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இடம்பெற்றன. கருப்பின மக்களின் பள்ளிகளுக்கெனச் செலீனா பட்லர் அம்மையார் 1926இல் தனியொரு பேரவை கண்டார். இரு பேரவைகளும் 1970இல் ஒன்றாயின. 1960களின் தொடக்கத்தில் பேரவை உறுப்பினர் ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பேர். 1980களின் தொடக்கத்தில் அத்தொகை பாதிக்கும் கீழே இறங்கிற்று. விலகியோர் அனைவரும் பள்ளியை மறந்தோரல்லர். ஒரு சாரார் தம் பள்ளிக் கழகத்தைப் பேரவையினின்று பிரித்துத் தனியமைப்பாக்கிக் கொண்டனர்.

சந்தாவின் ஒரு பகுதி மாநிலத்துக்கும் தலைமைக்கும் சென்றமையும், கிளைகளுக்கு உடன்பாடில்லாத கொள்கைகளைத் தலைமை மேற்கொண்டமையும் அப்பிரிவுக்குக் கூறப்பட்ட காரணங்களாம். தென் மாநிலங்களில் சில கிளைகள் இன ஒதுக்கலைக் கைவிட மனமின்றிப் பிரிந்தன என்பதும் மறைக்கத்தக்கதன்று. எனவே, தன்னாட்சி என்னும் சொல் எஞ்ஞான்றும் நன்னோக்கையே குறிக்கும் எனல் பொருந்தாது. பிரிந்தபின் திரட்டிய பொருள் பள்ளியிலேயே தங்கிற்று. ஆயின், பழைய பெயரை வழங்கும் உரிமை நீங்கிற்று. விதிமுறை, வரிவிலக்கு, காப்பீடு ஆகியவற்றைக் கழகமே தேட வேண்டியதாயிற்று. சட்டமன்றத்தின் முன் ஒலித்த கூட்டுக்குரலும் மெலிந்தது.

தமிழகத்தில் இவ்வரலாறு வேறு வழியிற் சென்றது. இங்குப் பொதுமக்களின் ஈடுபாடு பெரிதும் அரசின் அழைப்பால் வளர்ந்தது. காமராசர் முதலமைச்சராகவும் நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் விளங்கிய காலத்து, 1956இல் மதிய உணவுத் திட்டமும், 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் தோன்றின. ஊரார் அரிசியும் பருப்பும் ஈந்தனர். நிலமும் கட்டடமும் இருக்கைகளும் வழங்கினர். கொடைக்கு உரியோர் ஊரார்; திட்டத்துக்கு உரியோர் துறையினர் என்பதே அக்கால அமைப்பு. பின்னர்ப் பள்ளிதோறும் எழுந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்கள், சென்னையில் தலைமையகம் கொண்ட மாநிலக் கழகத்தோடு இணைந்து நின்றன. அம்மாநிலக் கழகம் வெளியிடும் பொதுத்தேர்வு வினாத் தொகுப்புகள் மாணவரிடையே நன்கு அறிமுகமானவை. ஆசிரியரிடம் வெற்றிடமாயிருந்த பள்ளிகள் பலவற்றில், கழக நிதியால் ஊதியம் பெற்றோரே பாடம் நடத்தினர்.

இந்நிலையில் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம் புதியதோர் அமைப்பைத் தந்தது. அதன் 21ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும்; உறுப்பினருள் பாதியினர் பெண்டிராதல் வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுத்தல் 22ஆம் பிரிவு தரும் பொறுப்பு. இக்குழு எப்பேரமைப்பின் கிளையுமன்று. அமெரிக்கப் பெற்றோர் பிரிந்து பெற்ற தனிநிலையை இங்குப் பெற்றோர் சட்டத்தின் வழியே பெற்றனர் எனலாம்.

ஆயினும் அது எங்கும் ஒரே அளவினதன்று. அரசுதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மையினர் பள்ளிகளிலும் குழு அறிவுரை கூறும் அளவில் நிற்கும் என 2012ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது. இது தோல்தொழில் வட்டாரத்தில் சிறப்பாகக் கருதத்தக்கது. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விசாரம் ஆகிய ஊர்களில் தோல் வணிகரின் கொடையால் கல்விச் சங்கங்கள் செழித்தன. வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. இச்சங்கங்கள் அரசையே சாராது கல்வி வளர்த்த பெருமை உடையன. எனினும், ஆளும் பொறுப்பு சங்கத்தாரிடம் இருந்ததேயன்றிப் பெற்றோர் என்னும் முறையில் பெற்றோரிடம் இருந்ததன்று.

கணியம்பாடி ஒன்றியத்து அரசுப் பள்ளிகளிலோ, சட்டம் தந்த அதிகாரத்துக்கு அத்தகைய வரையறை இல்லை. 2022 மார்ச்சு 20 அன்று தமிழகம் எங்கும் அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டப்பெற்றுக் குழுக்களின் மறுகட்டமைப்புத் தொடங்கியது. குழுவின் தலைவர் பெற்றோருள் ஒருவர், கூட்டுநர் தலைமையாசிரியர். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை கூடுதல் வேண்டும் என்பது அவ்வாண்டு மாநிலம் முழுமைக்கும் வகுத்த முறை. வேலூர், ஆம்பூர்ப் பகுதிக் காலணித் தொழிற்சாலைகளில் உழைப்போருள் பெண்டிரே மிகுதி. வேலை நேரத்துக்குள் கூட்டம் அமையின், அத்தகைய தாயொருத்தி கூலியை இழந்தே அதற்கு வருதல் கூடும். வாராதொழியின் அவள் இடம் ஏட்டளவில் நிற்கும். பாதி இடம் பெண்டிர்க்கு என்னும் விதி அங்ஙனம் பொருளிழத்தல் கூடாது.

இதுகாறும் கூறியவற்றால், இணைப்பு, பிரிவு என்னும் இரண்டனுள் ஒன்றைத் தேர்வதால் மட்டும் தன்னாட்சி வாய்ப்பதில்லை என்பது பெறப்படும். கூட்டத்தின் நாளையும் பொழுதையும் குறிப்பவர் யார், வரவு செலவைப் பார்த்துக் கையொப்பமிடுபவர் யார், எடுத்த முடிவு நிறைவேறாவிடின் காரணம் கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்னும் மூன்றுமே அதனை அளக்கும் கோல்களாம். இவற்றுள் முதலாவதையேனும் அந்தந்தப் பள்ளிப் பெற்றோரிடம் விடுதல், கணியம்பாடி போன்ற உழைப்பாளர் வட்டாரங்களில் உடனே செய்யத்தக்க சீர்திருத்தமாகும். அயல்நாட்டார் இழந்த கூட்டுக்குரலை நினைந்து, ஒன்றியத்துக் குழுக்கள் ஆண்டுக்கொருமுறை ஒருங்கு கூடித் தம் தேவைகளை எடுத்துரைத்தலும் வேண்டற்பாலது.