பொல்செஹோர்ன்

பொல்செஹோர்ன் டென்மார்க்கில் பிள்ளைகளுக்காக வீடுகளில் சுடப்படும் சிற்றுண்டி. ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்த மைதா மாவை முக்கோணமாக வெட்டி, அதன் அகன்ற பக்கத்தில் வேகவைத்த சாசேஜ் ஒன்றை வைத்துச் சுருட்டி, மேலே முட்டை பூசி ஓவனில் சுடுகிறார்கள். டேனிஷ் மொழியில் பொல்செ என்றால் சாசேஜ், ஹோர்ன் என்றால் கொம்பு. சாசேஜை மாவில் பொதிந்து சுடும் பழக்கம் பல நாடுகளில் உண்டு. டென்மார்க்கில் இதைத் தின்பவர்களும் பிள்ளைகள், பெரும்பாலும் சுருட்டுபவர்களும் பிள்ளைகள். இந்த வகையை இங்கே தனியாக எடுத்துக்கொள்ள அதுவே காரணம்.

பிறந்தநாளும் மதிய உணவும்

டென்மார்க்கின் பெரும்பாலான பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பாவில் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். அதற்கு மத்பாக்கெ என்று பெயர். கறுத்த ரை ரொட்டித் துண்டுகளே அதில் அன்றாடம் இருப்பவை. விடுமுறை நாளில் மொத்தமாகச் சுட்டு ஃப்ரீசரில் வைத்த பொல்செஹோர்ன் ஒன்றிரண்டைக் காலையில் அப்படியே டப்பாவில் போட்டு அனுப்பினால் சாப்பாட்டு நேரத்துக்குள் குளிர் விட்டுவிடும். சூடாக்காமலே தின்னலாம். மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய பெற்றோருக்கு இது பெரிய வசதி.

பிறந்தநாள் விருந்தில் இதன் இடம் இன்னும் உறுதியானது. வகுப்புப் பிள்ளைகளை மொத்தமாக வீட்டுக்கு அழைக்கும் வழக்கம் அங்கே பரவலாக உள்ளது. மேசையில் சிறு டேனிஷ் கொடிகள் நடப்பட்டிருக்கும். மனித உருவில் செய்து மிட்டாய் ஒட்டிய காகெமன் என்ற கேக்கும், வெண்ணெய் தடவித் தின்னும் பன்களும் இருக்கும். இனிப்பு மிகுந்த அந்த மேசையில் வயிற்றை நிரப்பும் உப்புப் பண்டம் பொல்செஹோர்ன்தான். தொட்டுக்கொள்ளக் கெட்சப் போதும். தட்டோ கரண்டியோ வேண்டாம். கையிலேயே எடுத்துத் தின்னலாம்.

மாவு

16 கொம்புகளுக்கு ஏறத்தாழ 250 மி.லி. பால், 25 கிராம் பச்சை ஈஸ்ட் (உலர்ந்த இன்ஸ்டன்ட் ஈஸ்டானால் 7 கிராம்), 75 கிராம் வெண்ணெய், 1 முட்டை, 1 மேசைக்கரண்டி சர்க்கரை, 1 தேக்கரண்டி உப்பு, 450 கிராம் மைதா வேண்டும். வெண்ணெயை உருக்கிப் பாலில் கலந்து, இளஞ்சூட்டில் ஈஸ்டைக் கரைக்கிறார்கள். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது என்பது டேனிஷ் வீட்டுக் கணக்கு. சூடு 37 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் ஈஸ்ட் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 55 பாகையைத் தாண்டினால் செத்துவிடும். பிறகு எவ்வளவு காத்திருந்தாலும் மாவு உப்பாது. தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் சுண்டுவிரல் சோதனை மிகவும் நம்பகமானது, பிள்ளைகளிடமே அதை ஒப்படைக்கவும் முடியும்.

மைதாவை ஒரே தடவையில் கொட்டக்கூடாது. கடைசிக் கைப்பிடி மாவை நிறுத்திவைத்து, பிசையும்போது தேவைக்கேற்பச் சேர்க்க வேண்டும். கையில் லேசாக ஒட்டும் நிலையே சரியான பதம். ஒட்டக்கூடாது என்று மாவை மேலும் மேலும் சேர்த்தால் சுட்ட கொம்பு மறுநாளே வறண்டுவிடும். பிசைந்ததை மூடி 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை வைத்தால் இரு மடங்காக உப்பும். வெப்ப நாடுகளில் இதைவிடக் குறைந்த நேரம் போதும், ஆகையால் கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே நல்லது. துருவிய கேரட்டை மாவோடு சேர்த்துப் பிசையும் வழக்கமும் டென்மார்க்கில் உண்டு. காய் தின்ன மறுக்கும் பிள்ளைக்காக என்று சொல்லிச் செய்தாலும், கேரட்டின் ஈரத்தால் கொம்பு நெடுநேரம் மெத்தென்று இருப்பதே அதன் உண்மையான பயன்.

சுருட்டுதல்

உப்பிய மாவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 30 செ.மீ. அகல வட்டமாகத் தேய்த்து, எட்டு முக்கோணங்களாக வெட்டுகிறார்கள். தேய்த்ததும் மாவு சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்வது பலரையும் எரிச்சலூட்டும். மைதாவில் உள்ள குளூட்டன் புரதம் பிசையப் பிசைய ரப்பர்போல இறுகுவதால் அப்படி நேர்கிறது. அப்போது மல்லுக்கட்டாமல் ஒரு துணியால் மூடிப் பத்து நிமிடம் விட்டுவிட்டால் இறுக்கம் தளர்ந்து, சொன்ன வடிவுக்கு மாவு வரும்.

சாசேஜைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுவது இந்தச் செய்முறையில் எளிதில் தவறவிடக்கூடிய படி. ஈரம் ஓவனில் ஆவியாகி மாவுக்கும் இறைச்சிக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கும். அதோடு உள்பக்கத்து மாவு வேகாமல் பிசுபிசுவென்று தங்கிவிடும். அகன்ற பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சுருட்ட வேண்டும். இறுக்கிச் சுருட்டத் தேவையில்லை. சூட்டில் மாவு உப்பும், சாசேஜும் சற்றுப் பருக்கும். இடம் இல்லாவிட்டால் மாவு ஓரத்தில் வெடித்துக்கொள்ளும். முக்கோணத்தின் நுனி அடியில் மாட்டிக்கொள்ளும்படி தட்டில் வைத்தால் சுருள் அவிழாது.

நான்கைந்து வயதுப் பிள்ளைக்கு இது முழுமையாகக் கைவரும் வேலை. கத்தி தேவைப்படும் வெட்டுதலும் ஓவன் வேலையும் பெரியவர்களுடையவை. நடுவில் இருக்கும் சுருட்டுதல், முட்டை பூசுதல், எள்ளோ கசகசாவோ தூவுதல் ஆகிய மூன்றும் பிள்ளைகளுடையவை. கோணலாகச் சுருட்டியதும் நேராகச் சுருட்டியதும் ஒரே ருசியில்தான் வேகும். எனவே பெரியவர்கள் அவற்றை எடுத்துத் திருத்திச் சுருட்டாமல் இருப்பது நல்லது. தட்டில் இன்னும் 20 நிமிடம் உப்பவிட்டு, 200 பாகையில் 12 முதல் 15 நிமிடம் சுட்டால் பொன்னிறமாகும்.

சாசேஜ்

பொல்செஹோர்னுக்கு ஏற்கெனவே வெந்து புகையூட்டிய மெல்லிய சாசேஜே உரியது. பச்சை இறைச்சி சாசேஜைச் சுற்றினால் மாவு சிவக்கும் நேரத்துக்குள் உள்ளே பாதுகாப்பான சூடு எட்டும் என்ற உறுதி இல்லை. டென்மார்க்கில் வீனர் என்று விற்கும் வகையையோ, விரல் நீளக் காக்டெய்ல் சாசேஜையோ எடுத்துக்கொள்கிறார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் தொழில் கற்ற யோஹான் கெயோர்க் லானர் என்ற கசாப்புக்காரர் 1805இல் வியன்னாவில் செய்து விற்றதிலிருந்து இந்த வகை பரவியது என்பது வழங்கிவரும் வரலாறு. வழக்கமாகப் பன்றி இறைச்சியில் செய்தாலும், கோழி, வான்கோழி, மாட்டிறைச்சி சாசேஜ்களும் கடைகளில் கிடைக்கின்றன. பல மதத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் வகுப்புக்கு விருந்து வைப்பவர்கள் கோழி சாசேஜில் செய்துவிடுகிறார்கள்.

சாசேஜ் தினமும் தரவேண்டிய உணவு அல்ல. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்று அது கணித்தது. ஒரு நடுத்தர சாசேஜின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். சாசேஜுக்கு இளஞ்சிவப்பு நிறமும் கிருமியைத் தடுக்கும் ஆற்றலும் தரும் நைட்ரைட் உப்பு விஷயத்தில் டென்மார்க் நெடுங்காலமாகக் கண்டிப்பு காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாகக் கிலோவுக்கு 150 மி.கி. அனுமதித்த காலத்திலும், பெரும்பாலான இறைச்சிப் பொருள்களுக்கு 60 மி.கி. என்ற தன் வரம்பை அந்நாடு விட்டுக்கொடுக்கவில்லை. பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் செய்யும் பண்டமாக இதை வைத்துக்கொள்வதே பொருத்தம். அரை சாசேஜை வைத்து மாவை அதிகமாகச் சுற்றினாலும் பிள்ளைகள் குறை சொல்வதில்லை.

மூச்சடைப்பு

மாவு சுற்றிய சாசேஜைச் சிறு பிள்ளைக்குக் கொடுப்பவர் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது இது. பிள்ளைகள் உயிரிழக்கும் உணவு மூச்சடைப்புகளில் சாசேஜே அதிகம் தொடர்புள்ள உணவு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2010இல் எச்சரித்தது. உருளை வடிவம், வழுக்கும் மேற்பரப்பு, அமுங்கி மீண்டும் விரியும் தன்மை மூன்றும் சேர்ந்து அது சிறு குழந்தையின் மூச்சுக்குழாயைத் தக்கைபோல அடைத்துவிடும். நாணயம்போல வட்டமாக நறுக்கினால் ஆபத்து குறையாது. வட்டத் துண்டின் அளவுதான் குழாயின் அளவுக்கு மிக நெருங்கியது.

நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் செய்யும்போது சாசேஜை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, அதையும் சிறிதாக நறுக்கி மாவில் வைக்க வேண்டும். உருளை வடிவம் போய்விட்டால் அடைக்கும் திறனும் பெருமளவு குறைகிறது. சுட்டபின் நறுக்கித் தருவோம் என்று விட்டுவிட்டால் விருந்துக் கூச்சலில் மறந்துபோகும். சுருட்டும்போதே செய்துவிடுவது பாதுகாப்பு. தோல் உரிக்கவேண்டிய வகையானால் அதையும் முன்பே உரித்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே தின்னவிடக்கூடாது என்ற விதியைப் பெரிய பிள்ளைகளுக்கும் வைக்கலாம். வெளியே மாவு ஆறிய பிறகும் உள்ளே சாசேஜ் நாக்கைச் சுடும் அளவுக்குக் கொதிப்பாக இருக்கும். ஓவனிலிருந்து எடுத்துப் பத்து நிமிடமாவது பொறுத்துக் கொடுக்க வேண்டும்.

நெருப்பில் சுடும் வகை

இதே மாவையும் சாசேஜையும் டேனிஷ் பிள்ளைகள் வெட்டவெளியில் நெருப்பிலும் சுடுகிறார்கள். நீண்ட குச்சியில் மாவைக் கயிறுபோலத் திரித்துச் சுற்றி, தணலுக்கு மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுடுவது ஸ்னோப்ரொத். சாரணர் முகாம்களிலும், ஜூன் 23 மாலை நெருப்பு மூட்டிக் கொண்டாடும் சாங்க்த் ஹான்ஸ் நாளிலும் இது உண்டு. குச்சியில் முதலில் சாசேஜைக் குத்தி அதன்மேல் மாவைச் சுற்றினால் அதுவே பொல்செஹோர்ன் ஆகிவிடும். எரியும் சுவாலையில் பிடித்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். தணல் படியும்வரை காத்திருக்கப் பழகுவதே இதில் பிள்ளைகளுக்குக் கடினமான பகுதி.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் சிறு சாசேஜைச் சுற்றிச் சுடும் வகைக்குப் பிக்ஸ் இன் எ பிளாங்கெட் என்று பெயர். 1957இல் வெளிவந்த பெட்டி கிராக்கர் பிள்ளைகள் சமையல் புத்தகத்தில் அதன் செய்முறை இடம்பெற்றது. அங்கும் இது பிள்ளைகள் தாமே செய்யும் பண்டமாகவே அச்சில் புகழ்பெற்றது. பிசையும் வேலையை அங்கே தொழிற்சாலையும் எடுத்துக்கொண்டது. கெண்டக்கி மாநிலத்து லைவ்லி வில்லோபி, பிசைந்த பிஸ்கட் மாவை அட்டைக் குழாயில் அடைத்துக் குளிர்பதனத்தில் விற்கும் முறைக்கு 1931இல் காப்புரிமை பெற்றார். 1965இல் பில்ஸ்பரி நிறுவனம் பிறைவடிவ ரோலுக்கான மாவை விளம்பரப்படுத்தியபோது, முக்கோணமாக வெட்டிய மாவு குழாயிலிருந்தே வந்தது. நேரம் மிச்சமானது. மாவு உப்புவதைப் பார்த்து நிற்கும் மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு இல்லாமல் போனது.

பிரிட்டனில் ஏறக்குறைய அதே பெயரால் கிறிஸ்துமஸ் மேசைக்கு வருவது பேக்கன் சுற்றிய சாசேஜ். மாவு சுற்றிய வகை அங்கே சாசேஜ் ரோல். அரைத்த இறைச்சியைப் பஃப்ஸ் மாவில் பொதிந்து சுடுவது. நெதர்லாந்தின் பிரபாண்ட் பகுதியில் ஈஸ்ட் மாவில் இறைச்சி பொதிந்த வோர்ஸ்டன்ப்ரோட்யெ 2016இல் அந்நாட்டின் மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ரஷ்யாவில் ஈஸ்ட் மாவை நாடாவாகச் சுற்றிய சாசேஜ் பள்ளி உணவகங்களிலும் ரயில் நிலையக் கடைகளிலும் கிடைக்கும். டெக்சாஸில் மொராவியக் குடியேறிகள் வழிவந்த, மாவில் சாசேஜ் பொதிந்த கிளோபாஸ்னிகியைக் கம்போடியக் குடும்பங்கள் நடத்தும் டோநட் கடைகளிலும் காலையில் வாங்கலாம்.

தமிழர் நன்கறிந்த உறவு இலங்கையில் உள்ளது. அங்கே பேக்கரிகளில் மீன் பன்னுக்குப் பக்கத்தில் சொசேஜ் பன் அடுக்கியிருக்கும். இசை ஒலித்தபடி தெருத்தெருவாக வரும் முச்சக்கர வண்டிகளிலும் அதை விற்கிறார்கள். சற்று இனிப்பான பன் மாவு, நடுவில் பெரும்பாலும் கோழி சாசேஜ்.

ஓவன் இல்லாத சமையலறைக்குக் கான்டன் நகரத்துச் சீனர்களின் முறை உதவும். உலர்ந்த லாப்சியோங் சாசேஜைச் சுற்றி ஈஸ்ட் மாவைக் கயிறாகத் திரித்து அவர்கள் ஆவியில் வேகவைக்கிறார்கள். வேகவைத்த சாசேஜை அதேபோலச் சுற்றி இட்லிப் பானையில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் வெந்துவிடும். மூடியைத் துணியால் கட்டி மூடினால் நீர்த்துளி விழுந்து மாவு குழையாது. பொன்னிறம் வராது, மேல்தோல் மெத்தென்று வெண்மையாக இருக்கும்.